97 சதவீதமும் மூன்று வழிகளும்

தென் மாவட்டம் ஒன்றிலிருந்து 31 வயது ஆய்வு மாணவி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஆள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, சாரத்தை மட்டும் தருகிறேன்.

இயற்பியலில் முதுகலை முடித்தவர். 2020 டிசம்பரில் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தார். வாய்ப் புற்றுநோயை ஒளியைக் கொண்டு கண்டறிவது ஆய்வுப் பொருள். பல் மருத்துவமனைக்கு வரும் நோயாளிகளின் கன்னத்து உட்புறத்தில் ஒளியிழை முனையை வைத்து, 785 நானோமீட்டர் லேசரைச் செலுத்தி, திரும்பி வரும் ராமன் நிறமாலையை, அதாவது திசுவின் மூலக்கூறுகளில் பட்டு நிறம் மாறிச் சிதறும் ஒளியின் பதிவை, எடுத்திருக்கிறார். நோயாளிகள் 38 பேர். ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாத 42 பேர். ஆளுக்கு 12 இடங்களில் அளந்ததில் 960 நிறமாலைகள். அவற்றைக் கலைத்துப் போட்டு ஐந்தில் நான்கு பங்கைக் கொண்டு கணினியைப் பழக்கி, மீதியைக் கொண்டு சோதித்ததில் 97 சதவீதம் சரியான விடை வந்திருக்கிறது. நெறியாளர் உடனே வெளியிடச் சொல்கிறார்.

உதவித்தொகை நின்று எட்டு மாதமாகிறது. அப்பா ஓய்வுபெற்ற பேருந்து நடத்துநர். அம்மா வரன் பார்க்கத் தொடங்கிவிட்டார். முன்னால் மூன்று வழிகள். சொந்த ஊருக்கு அருகே உள்ள தனியார் பொறியியல் கல்லூரியில் மாதம் 25,000 ரூபாய்க்கு ஆசிரியர் வேலை. ஜெர்மனியின் யேனா நகரத்து ஆய்வகம் ஒன்றிலிருந்து "பட்டம் கிடைத்ததும் எழுதுங்கள்" என்ற மின்னஞ்சல். வாய்ப் புற்றைக் கண்டறியும் கைக்கருவி செய்ய நண்பர் தொடங்கவிருக்கும் நிறுவனத்தில் பங்கு. இவற்றில் எது என்பது முதல் கேள்வி. ஆறாண்டுக் கெடு முடிந்தால் பதிவு ரத்தாகிவிடுமா, காப்புரிமை யாருக்கு, மருத்துவப் பட்டம் இல்லாத தனக்கு இந்தத் துறையில் உண்மையிலேயே இடம் உண்டா என்பவை மற்றவை.

அன்புள்ள சகோதரிக்கு,

நான் நோய்க்குறியியல் மருத்துவர். உங்கள் நிறமாலைகளை எந்த பயாப்சி அறிக்கையோடு ஒத்துப் பார்த்தீர்களோ, அந்த மாதிரி அறிக்கைகளை எழுதுகிற ஆள். உங்களைப் போன்றவர்களின் ஆய்வேடுகளைப் பார்க்கும் குழுக்களில் மருத்துவ உறுப்பினராகவும் உட்கார்ந்திருக்கிறேன். வேலை பற்றி நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் உங்கள் கடிதத்தில் நான் இரண்டு முறை நின்று படித்தது அந்த 960 என்ற எண்ணைத்தான். அதைச் சரி செய்யாமல் மூன்றில் எந்த வழியில் போனாலும் அது பின்னாலேயே வரும். அதனால் அங்கிருந்து தொடங்குகிறேன்.

97 எங்கிருந்து வந்தது?

உங்களிடம் இருப்பது 960 சான்றுகள் அல்ல, 80 மனிதர்கள். ஒரே கன்னத்தில் அரை அங்குலம் தள்ளி எடுத்த இரண்டு நிறமாலைகள் ஒன்றுக்கொன்று உடன்பிறந்தவை. மொத்தத்தையும் கலைத்துப் போட்டுப் பிரித்தபோது, ஒரே நோயாளியின் ஒன்பது, பத்து நிறமாலைகள் பயிற்சிப் பக்கமும் மீதி சோதனைப் பக்கமும் போயிருக்கும். கணினி அங்கே நோயைக் கண்டுபிடிக்க வேண்டிய அவசியமே இல்லை. ஆளை அடையாளம் கண்டாலே போதும். வினாத்தாள் கசிந்த தேர்வில் வாங்கிய மதிப்பெண்ணை எப்படி எடுத்துக்கொள்வோமோ, அப்படித்தான் இந்த 97ஐயும் எடுத்துக்கொள்ள முடியும்.

செய்ய வேண்டியது எளிது. ஒரு நோயாளியின் 12 நிறமாலைகளையும் முழுதாக வெளியே வைத்துவிட்டு, மற்ற 79 பேரைக் கொண்டு கணினியைப் பழக்கி, வெளியே வைத்தவரைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். 80 பேருக்கும் இதையே திருப்பிச் செய்யுங்கள். பின்னணி ஒளியை நீக்குவது, நிறமாலையில் உயர்ந்து நிற்கும் முகடுகளைத் தேர்ந்தெடுப்பது போன்ற முன்வேலைகளும் ஒவ்வொரு முறையும் அந்த 79 பேரைக் கொண்டே தீர்மானிக்கப்பட வேண்டும். இரண்டு நாள் கணினி வேலை. துல்லியம் இறங்கும், எண்பதுகளுக்கு இறங்கலாம், அதற்குக் கீழேயும் போகலாம். அப்படி இறங்கி நிற்கும் எண்ணைத்தான் எந்த வாய்மொழித் தேர்விலும் உங்களால் காப்பாற்றிப் பேச முடியும்.

இரண்டாவது சங்கடம் இதைவிடப் பெரியது. நோயில்லாத 42 பேரும் "எங்கள் விடுதி மாணவ மாணவியர்" என்று நான்காம் பக்கத்தில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். நோயாளிகளோ பெரும்பாலும் ஐம்பதைத் தாண்டியவர்கள், வெற்றிலையும் புகையிலையும் மென்றவர்கள். மாணவர்களை அளந்தது உங்கள் ஆய்வகத்தில். நோயாளிகளை அளந்தது மருத்துவமனையில். அப்படியானால் கணினி பிரித்துக் காட்டியது புற்றையா, வயதையா, வெற்றிலைக் கறையையா, அறையின் குழல்விளக்கையா?

கற்பனையாகச் சொல்லவில்லை. ராமன் சிதறலாகத் திரும்பும் ஒளித்துகள் ஏறத்தாழ கோடியில் ஒன்று. அவ்வளவு மெலிந்த சைகைமேல் புகையிலைக் கறையின் ஒளிர்வும் மெலனின் நிறமியின் ஒளிர்வும் வந்து கவிழ்ந்தால் எது எதுவென்று பிரிப்பது கடினம். நம் ஊர் வாய்களில், அதுவும் புகைப்பவர்களின் வாயில், கன்னத்து உட்புறம் கறுத்திருப்பது சாதாரணம். நவி மும்பையில் உள்ள ஆக்ட்ரெக் என்ற புற்றுநோய் ஆய்வு மையத்தின் குழுவினர் கன்னத்து ராமன் நிறமாலையில் வயதும் புகையிலையும் என்ன மாற்றம் செய்கின்றன என்பதையே தனி ஆய்வாகச் செய்து வெளியிட்டிருக்கிறார்கள். உங்கள் துறையில் அது கட்டாயப் பாடம். உங்கள் ஆய்வேட்டின் முன்னோட்டப் பகுதியில் அதைப் பற்றிப் பேச்சே இல்லை.

தோல் நிறத்தை மறந்த ஒளிக்கருவி என்ன செய்யும் என்பதற்குச் சான்று எல்லா வீட்டிலும் இருக்கிறது. கொரோனா காலத்தில் விரலில் மாட்டிக்கொண்டோமே, ஆக்சிஜன் அளவு காட்டும் கருவி, அதுவும் நிறமாலையியல்தான். 660, 940 நானோமீட்டர் என்ற இரண்டு அலைநீளங்கள் இரத்தத்தில் எவ்வளவு உறிஞ்சப்படுகின்றன என்று ஒப்பிட்டு விடை சொல்கிறது. அந்தக் கருவி காட்டாமல் விட்ட ஆக்சிஜன் குறைவு, வெள்ளை நோயாளிகளைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் ஏறத்தாழ மூன்று மடங்கு என்று 2020 டிசம்பரில் அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. பல்லாண்டுகளாக ஆஸ்பத்திரிகளில் புழங்கிய கருவியின் நிலையே இது.

உங்கள் வேலை வீண் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கையில் இருக்கும் தரவிலேயே நியாயமான ஒப்பீடு ஒன்று ஒளிந்திருக்கிறது. 38 நோயாளிகளில் 26 பேருக்கு மறுபக்கக் கன்னத்தையும் அளந்து வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதே வயது, அதே வெற்றிலை, அதே அறை, அதே நாள். புண் இருக்கும் பக்கம் ஒன்று, இல்லாத பக்கம் ஒன்று. அந்த 26 பேரை முன்னுக்குக் கொண்டுவாருங்கள். மறுபக்கமும் புகையிலை பட்ட கன்னமே, முழு ஆரோக்கியம் என்று சொல்லிவிட முடியாது; அதையும் எழுதிவிடுங்கள். கூடவே, புகையிலை போடும், ஆனால் புண் இல்லாத நடுத்தர வயதுக்காரர்கள் இருபது பேரையாவது அதே மருத்துவமனை அறையில் அளக்க முடிந்தால் ஆய்வேடு தலைநிமிர்ந்து நிற்கும். நெறிமுறைக் குழுவின் அனுமதியில் அதற்கு இடம் இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டுச் செய்யுங்கள். இல்லையென்றால் திருத்தம் கேட்டு விண்ணப்பிக்கலாம்.

டார்ச் விளக்கோடு போட்டி

"என் கருவி வந்தால் பயாப்சியே தேவைப்படாது" என்று எழுதியிருக்கிறீர்கள். இத்துறை இளைஞர்கள் ஏறக்குறைய எல்லாரும் இப்படித்தான் தொடங்குகிறார்கள். பயாப்சி அறிக்கையை உண்மை என்று வைத்துக்கொண்டு பழகிய கணினி, அந்த அறிக்கையைவிடச் சரியானது என்று அதே தரவைக் கொண்டு நிரூபிக்க வழியில்லை. அந்த அறிக்கையும் வேதவாக்கு அல்ல. புற்றுக்கு முந்தைய செல் மாற்றங்களை லேசானது, நடுத்தரமானது, கடுமையானது என்று தரம் பிரிப்பதில் ஒரே கண்ணாடித் தகட்டைப் பார்க்கும் இரண்டு நோய்க்குறியியலாளர்கள் வேறுபடுவது எங்கள் துறையில் பழைய கதை. ஒருவர் எழுதிய அறிக்கையை மட்டும் நம்பாமல், இன்னொருவரையும் தகடுகளைப் பார்க்கச் சொல்லி, இருவரும் ஒத்துப்போனது எத்தனை என்று ஆய்வேட்டில் எழுதுங்கள்.

அடுத்து ஒரு கணக்கு. கருவி நோயாளிகளில் 95 சதவீதம் பேரைப் பிடிக்கிறது, நோயில்லாதவர்களில் 95 சதவீதம் பேரைச் சரியாக விட்டுவிடுகிறது என்றே வைத்துக்கொள்வோம். முகாமுக்கு 10,000 பேர் வருகிறார்கள், அவர்களில் 100 பேருக்கு நோய். கருவி 95 பேரைப் பிடிக்கும். நோயில்லாத 9,900 பேரில் 495 பேரையும் சேர்த்துப் பிடிக்கும். ஆக, "உங்களுக்குப் புற்று இருக்கலாம்" என்று கேட்டுப் பதறி வீடு திரும்பும் 590 பேரில் உண்மையில் நோய் உள்ளவர் ஆறில் ஒருவருக்கும் குறைவு. உங்கள் ஆய்வில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் நோயாளிகளாக இருந்ததால் இந்தச் சிக்கல் கண்ணில் படவே இல்லை.

இந்தியாவில் உங்கள் கருவிக்கு உண்மையான போட்டி யார் தெரியுமா? டார்ச் விளக்கும் பயிற்சி பெற்ற ஒரு சுகாதாரப் பணியாளரும். திருவனந்தபுரத்தில் 1996இல் தொடங்கிய பெரிய ஆய்வில், பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று வாயைத் திறக்கச் சொல்லி வெறுங்கண்ணால் பார்த்தார்கள். புகையிலை அல்லது மதுப் பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப் புற்றுச் சாவு மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்தது என்று 2005இல் முடிவு வெளியானது. பல லட்ச ரூபாய் நிறமாலைமானி இதைவிட எந்த இடத்தில் கூடுதலாக உதவும் என்று சொல்ல முடிந்தால்தான் மருத்துவர் உங்கள் பேச்சைக் காதில் வாங்குவார்.

அப்படிப்பட்ட இடங்கள் இருக்கின்றன. வாய் முழுக்க வெள்ளைப் படலம் படர்ந்தவருக்கு எந்த இடத்தில் பயாப்சி எடுப்பது? ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்டும் நோயாளியின் படலத்தில் உள்ளே ஏதாவது மாறுகிறதா? அறுவை மேசையில், வெட்டியெடுத்த கட்டியின் ஓரத்தில் புற்று மிச்சம் இருக்கிறதா? நெதர்லாந்தின் ரோட்டர்டாமில் எராஸ்மஸ் மருத்துவ மையக் குழுவினர் மூன்றாவது கேள்வியை எடுத்துக்கொண்டார்கள். நாக்குப் புற்றில் கட்டிக்குள் நீர் அதிகம், சுற்றியுள்ள நல்ல திசுவில் குறைவு. அந்த நீரின் அளவை ராமனைக் கொண்டு அளந்தார்கள். கேள்வி சின்னது. கேட்டதும் அறுவை மருத்துவருக்குப் புரிந்துவிடும். உங்கள் ஆய்வேட்டில் 960 நிறமாலைகள் இருக்கின்றன. மருத்துவர் கேட்கக்கூடிய கேள்வி ஒன்றுகூட இல்லை. இந்தத் துறையில் உங்கள் எதிர்காலம் தங்கியிருப்பது இதில்தான் என்பது என் கருத்து. லேசரும் கணினி நிரலும் தெரிந்தவர்கள் நிறைய வந்துவிட்டார்கள். புறநோயாளிப் பிரிவில் உட்கார்ந்து, என்ன தெரிந்தால் மருத்துவரின் முடிவு மாறும் என்று கவனித்துவிட்டு ஆய்வகத்துக்குத் திரும்புகிற இயற்பியலாளர்கள் இன்னும் குறைவு.

மருத்துவப் பட்டம் இல்லாத உங்களுக்கு இடம் உண்டா என்ற கேள்விக்கும் இதுவே பதில். உண்டு, மருத்துவரின் நாற்காலியில் அல்ல, பக்கத்து நாற்காலியில். இங்கே ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். "ஆஸ்பத்திரியில் மருத்துவ இயற்பியலாளர் வேலைக்குப் போகலாமே" என்று உங்கள் சித்தி சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். கதிர்வீச்சுச் சிகிச்சைப் பிரிவில் இருக்கும் அந்த வேலைக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் கேட்பது கதிரியல் இயற்பியலில் தனிப் படிப்பும் களப் பயிற்சியும். ஒளியியல் முனைவர் பட்டத்தை வைத்துக்கொண்டு அங்கே நுழைய முடியாது.

கெடு, கட்டுரை, காப்புரிமை

நீங்கள் பதிவு செய்தது 2020இல். ஆகவே பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2016ஆம் ஆண்டு விதிகளே உங்களுக்குப் பொருந்தும். ஆறாண்டு உச்ச வரம்பு உண்மைதான். ஆனால் அதே விதியில் பெண்களுக்கு மேலும் இரண்டாண்டு தளர்வு இருக்கிறது; அது போக மகப்பேறு, குழந்தை வளர்ப்புக்காக 240 நாள் வரை விடுப்பும் உண்டு. தளர்வு தானாக வராது. கெடு முடிவதற்கு முன்பே, நெறியாளர் ஒப்பத்துடன் பல்கலைக்கழகத்துக்கு எழுத்தில் விண்ணப்பித்து, ஒப்புகை பெற்று வைத்துக்கொள்ளுங்கள். வாய்வார்த்தையாக "பார்த்துக்கொள்ளலாம்" என்று அலுவலகத்தில் சொன்னால் திருப்தியடைந்து திரும்பிவிடாதீர்கள்.

2022இல் வந்த புதிய விதிகள் கட்டுரைக் கட்டாயத்தை எடுத்துவிட்டன என்று தோழி சொன்னது சரி. ஆனால் அது உங்களுக்கு அப்படியே பொருந்தாது. 2016 விதி கேட்பது, மதிப்பாய்வு செய்யப்படும் இதழில் ஒரு கட்டுரை, கருத்தரங்குகளில் இரண்டு உரைகள். இதற்கு மேல் உங்கள் பல்கலைக்கழகம் தனியாக ஏதும் விதித்திருக்கிறதா என்று அதன் கையேட்டைப் பாருங்கள். ஒரே ஒரு நல்ல கட்டுரை போதும் என்றால், திருத்திய கணக்கோடு அந்த ஒன்றை எழுத உங்களுக்கு நேரம் இருக்கிறது. ஆய்வேடு ஷோத்கங்கா தளத்தில் ஏறிவிடும். யார் வேண்டுமானாலும், எந்த ஆண்டும் எடுத்துப் படிக்கலாம். யேனாவில் உங்களைத் தேர்ந்தெடுக்கப்போகிறவரும் படிப்பார். 80 பேரை 960 ஆக்கியதைக் கண்டுபிடிக்க அவருக்குப் பத்து நிமிடம் போதும்.

நெறியாளரிடம் இதை எப்படிச் சொல்வது என்று கவலைப்படுவீர்கள். "நீங்கள் சொன்னது தவறு, ஐயா" என்று தொடங்க வேண்டாம். இரண்டு வகையிலும் கணக்குப் போட்டு, இரண்டு அட்டவணைகளையும் ஒரே தாளில் எடுத்துப் போங்கள். "மதிப்பாய்வாளர் இதைக் கேட்டால் என்ன சொல்வது, ஐயா? முன்கூட்டியே நாமே எழுதிவிடலாமா?" என்று கேளுங்கள். பெரும்பாலான நெறியாளர்களுக்குக் கட்டுரை திரும்பி வருவதில் விருப்பம் இருக்காது. அதற்கும் அசையவில்லை என்றால், ஆலோசனைக் குழுக் கூட்டத்தில் இரண்டு எண்களையும் முன்வைத்து, கூட்டக் குறிப்பில் பதியச் செய்யுங்கள்.

கட்டுரையில் யார் பெயர் என்பதிலும் ஒரு திருத்தம். புண்களைப் பரிசோதித்து, எந்த இடத்தில் அளப்பது என்று காட்டி, முடிவுகளை உங்களோடு உட்கார்ந்து விவாதித்த பல் மருத்துவருக்கு நன்றியுரையில் ஒரு வரி மட்டும் போட்டிருக்கிறீர்கள். வரைவைப் படித்துத் திருத்தி, முடிவுகளுக்குப் பொறுப்பேற்க அவர் தயார் என்றால் அவர் இணை ஆசிரியர். எந்த வேலையும் செய்யாத துறைத் தலைவரின் பெயரைச் சேர்ப்பதும், இவரை விடுவதும் ஒரே தவறின் இரண்டு பக்கம். நாளைக்கு மறுபடியும் நோயாளிகளிடம் போக வேண்டுமென்றால் அவர் வாசல் வழியாகத்தான் போக வேண்டும்.

காப்புரிமைக்கு வருவோம். கணினிமுறையைக் காப்புரிமை செய்ய நெறியாளர் நினைக்கிறார், அது சுலபமில்லை. இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 3(i) பிரிவு, மனிதர்களுக்கான நோயறியும் முறைகளைக் காப்புரிமைக்கு உரியவை அல்ல என்று ஒதுக்குகிறது. கருவிக்கு அந்தத் தடை இல்லை. கடிதத்தின் கடைசியில் இரண்டே வரியில் ஒன்றைச் சொல்லியிருக்கிறீர்கள். ஒளியிழை முனை கன்னத்தில் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு அழுத்தத்தில் பட்டதால் முகடுகள் ஏறி இறங்கின. அதைச் சமாளிக்க முப்பரிமாண அச்சில் நீங்களே ஒரு சின்ன மூடி வடிவமைத்தீர்கள். முனைக்கும் சதைக்கும் இடையே ஒரே தூரத்தை அது காக்கிறது. கழற்றிக் கிருமி நீக்கலாம். எனக்கு உங்கள் ஐந்தாண்டு உழைப்பில் மிகவும் பிடித்தது இந்த மூடிதான். ஒரே இடத்தைப் பத்து முறை அளந்தால் மூடி இல்லாமல் எவ்வளவு வேறுபாடு, மூடியோடு எவ்வளவு என்று ஓர் அட்டவணை போடுங்கள். தனிக் கட்டுரைக்கு அதில் சரக்கு இருக்கிறது.

அதைக் காப்புரிமை செய்ய நினைத்தால் வெளியிடுவதற்கு முன்பே தற்காலிக விண்ணப்பம் போட்டுவிட வேண்டும். அதன் பிறகு முழு விண்ணப்பம் போட 12 மாத அவகாசம் உண்டு. அறிஞர் அவையில் படித்த உரை போன்றவற்றுக்குச் சட்டம் தரும் விலக்கு குறுகலானது. அதை நம்பி முதலில் வெளியிட்டுவிட வேண்டாம். உரிமையாளராகப் பல்கலைக்கழகம் இருக்கலாம். அது அவர்களது கொள்கையைப் பொறுத்தது. கண்டுபிடித்தவர் என்று உங்கள் பெயர் இடம்பெறுவது வேறு விஷயம். அதற்குச் சட்டத்தின் 28ஆம் பிரிவிலேயே வழி இருக்கிறது. "ஆசிரியர்கள் பெயர் மட்டும்தான் போகும்" என்று சொன்னவர் அதைப் படிக்கவில்லை. வரைபடங்களையும் அச்சுக் கோப்புகளையும் தேதியோடு பத்திரப்படுத்துங்கள்.

மூன்று வழிகள்

சொந்த ஊர்க் கல்லூரி: வீட்டுக்கு இன்றைக்கே பணம் தேவை என்றால் இதைச் சிறுமையாக நினைக்க வேண்டாம். ஆனால் வாரம் முழுக்க முதலாண்டு இயற்பியல் வகுப்பு, ஆய்வகப் பதிவேடு, மாணவர் சேர்க்கைக்கு ஊர் ஊராகப் போவது என்று ஓடும் வேலையில் ஆய்வேடு எழுதி முடித்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. ஏற்றால், சமர்ப்பித்த பிறகு ஏற்றுக்கொள்ளுங்கள். அசல் சான்றிதழ்களை வாங்கிப் பூட்டி வைக்கும் பழக்கம் சில கல்லூரிகளில் இருக்கிறது; காட்டிச் சரிபார்க்கலாம், ஒப்படைக்கக் கூடாது. இன்னொன்று, பட்டச் சான்றிதழில் எந்தத் துறையின் பெயர் அச்சாகப் போகிறது என்று இப்போதே கேளுங்கள். "இயற்பியல்" என்று வருவதற்கும் "உயிர் ஒளியியல்" என்று வருவதற்கும் அரசுக் கல்லூரி விண்ணப்பத்தில் பெரிய வித்தியாசம். பின்னால் இரண்டும் சமம் என்று காட்டும் இணைத்தன்மைச் சான்றுக்காக அலைவதைவிட இப்போது ஒரு கடிதம் போடுவது மேல்.

யேனா: கார்ல் சைஸ் நுண்ணோக்கி செய்த ஊர், நுண்ணோக்கியால் எவ்வளவு சிறியதைப் பிரித்துப் பார்க்க முடியும் என்று 1873இல் எர்ன்ஸ்ட் அபே வரம்பு வகுத்த ஊர். இன்றும் ஒளியை மருத்துவத்துக்குக் கொண்டுபோவதில் அங்கே பெரிய வேலை நடக்கிறது. உங்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான், ஆனால் நிரந்தரத்தை எதிர்பார்த்துப் போகாதீர்கள். அங்கே பல்கலைக்கழக ஆய்வாளர் வேலை பெரும்பாலும் ஒப்பந்த வேலை. முனைவர் பட்டத்துக்குப் பின் அப்படி ஒப்பந்தத்திலேயே வைத்திருக்கப் பொதுவாக ஆறாண்டு வரம்பு சட்டத்தில் இருக்கிறது. இரண்டு, மூன்று ஆண்டு வேலை பழகிக்கொண்டு திரும்பும் திட்டத்தோடு போங்கள்.

உள்நாட்டிலும் கதவு மூடியில்லை. மணிப்பால், நவி மும்பை, இந்தூரின் ராஜா ராமண்ணா மையம் போன்ற இடங்களில் ஒளியைக் கொண்டு நோயறியும் வேலை பல ஆண்டுகளாக நடக்கிறது. தேசிய முனைவர் பட்டமேல் உதவித்தொகைக்கு வயது வரம்பு 35, பெண்களுக்கு ஐந்தாண்டு தளர்வு. ஆய்வேடு சமர்ப்பித்துவிட்டுப் பட்டத்துக்குக் காத்திருப்பவர்களும் விண்ணப்பிக்கலாம். முன்பு இதை நடத்திய வாரியம், 2023ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளையில் சேர்ந்துவிட்டது. பழைய தளத்தில் தேடி ஏமாற வேண்டாம்.

நண்பரின் நிறுவனம்: மூன்றில் எனக்கு அச்சம் தருவது இது. உங்கள் ஒப்புதல் படிவத்தில் நோயாளி கையெழுத்திட்டது "கல்வி ஆய்வுக்காக மட்டும்" என்ற வரிக்குக் கீழே. அந்தத் தரவை ஒரு நிறுவனத்தின் கணினிக்கு மாற்ற உங்களுக்கும் உரிமை இல்லை, நெறியாளருக்கும் இல்லை. நெறிமுறைக் குழுவிடம் போகாமல் ஒரு கோப்பைக்கூட அனுப்பாதீர்கள். 2020 ஏப்ரல் முதல் மருத்துவக் கருவிகள் எல்லாமே மருந்துச் சட்டத்தின் கட்டுக்குள் வந்துவிட்டன. உரிமம், மருத்துவச் சோதனை, தரச் சான்று என்று ஆண்டுக்கணக்கில் ஓடும். பங்கு எத்தனை சதவீதம் என்பதை எழுத்தில் தராத நண்பரிடம் நட்பை மட்டும் வைத்துக்கொள்வது இருவருக்கும் நல்லது. பட்டம் வாங்கிய பிறகு, அந்த மூடியைப் போன்ற ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, உயிரித் தொழில்நுட்பத் துறையின் பைராக் அமைப்பு தரும் 50 லட்சம் ரூபாய் வரையிலான தொடக்க நிதிக்கு நீங்களே விண்ணப்பிக்கலாம்.

அம்மாவைப் பற்றி நான் அதிகம் சொல்வதற்கில்லை. "படிப்பு முடியட்டும்" என்று ஐந்தாண்டாகச் சொல்லி வந்திருக்கிறீர்கள். அந்தச் சொல்லில் தேதி இல்லாததால்தான் அவர் பொறுமை இழக்கிறார். சமர்ப்பிக்கும் மாதத்தைக் குறித்துச் சொல்லுங்கள், வெளிநாடு போகும் எண்ணத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். வருகிற வரனிடமும் அதை முதலிலேயே சொல்லச் சொல்லுங்கள்.

இந்த வாரமே செய்ய வேண்டியவை இரண்டு. ஒன்று, கால நீட்டிப்பு விண்ணப்பம். இரண்டாவது, யேனாவுக்குப் பதில். பட்டம் வரும்வரை காத்திருக்காதீர்கள்; சமர்ப்பிக்கும் மாதத்தைக் குறிப்பிட்டு இப்போதே எழுதுங்கள். ஒப்பந்தம் எத்தனை ஆண்டு, சம்பளம் அங்குள்ள அரசு ஊதிய அட்டவணைப்படியா, உதவித்தொகையா, நோயாளிகளை அளக்க எந்த மருத்துவமனையோடு அவர்களுக்கு ஏற்பாடு என்று கேளுங்கள். மூன்றாவது கேள்விக்குத் தெளிவான பதில் வராவிட்டால், அந்த ஆய்வகத்தோடு நிறுத்திக்கொள்ளாமல் வேறு இரண்டு இடங்களுக்கும் விண்ணப்பியுங்கள்.